நீல மாட்டுக்குப் போனவர்

786

நாக்பூர்,
7 ஜனவரி 2025

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

உன்மேல் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நான் கிளம்பிய அன்று வாசலுக்கே வராமல் சமையலறையில் பாத்திரங்களை அந்த உருட்டு உருட்டியவளுக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் என் கூட்டாளி கோதண்டத்துக்கும் உடம்பு சௌகரியம்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் மிஸ்பாவின் போனுக்குத்தான் வரும், பிள்ளை படித்துவிடும். போனில் பேசினால் என் கதை உனக்குத் தெரியும். ஆகவே சவூதியில் இருந்தபோது எழுதிய மாதிரியே எழுதுகிறேன். காலையிலும் மாலையிலும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அது வந்தால் உன் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று வைத்துக்கொள்.

துப்பாக்கியோடு ரயில் ஏறுவது பெரிய தலைவலி என்பதால் கோதண்டத்தின் பொலிரோவிலேயே வருகிறோம். ஆரணி, சித்தூர், கர்னூல், ஹைதராபாத். அங்கே எங்கள் குழுத் தலைவர் கான் சாகிபைப் பார்த்து லைசென்ஸ் காகிதங்களைக் காட்டினோம். பீகார் கிராமங்களில் பயிரை அழிக்கும் நீல்காயைச் சுட, லைசென்ஸ் உள்ளவர்களாகப் பார்த்து ஆள் சேர்த்திருக்கிறார். எங்கள் இருவரையும் சேர்த்து ஏழு பேர். ஹைதராபாத்தைத் தாண்டியதும் ஊர்களின் பெயர்ப் பலகை எதையும் கோதண்டத்தால் வாசிக்க முடியவில்லை. அதற்காகப் பேச்சு நின்றதா என்றால் இல்லை. டோல்கேட்டில் இருக்கிறவனிடம்கூட, "இன்னா தம்பி, சாப்டியா?" என்று தமிழிலேயே கேட்கிறான். அவனும் தலையை ஆட்டுகிறான்.

நீல்காயைப் படத்தில் காட்டினார்கள். பெயரில்தான் மாடு, பிறப்பில் மான் என்கிறார் கான் சாகிப். குதிரை உயரம், ஆட்டுத் தாடி, கழுத்தில் வெள்ளைத் திட்டு. ஆண் மட்டும் மழைமேக நிறம். "ஆண்டவன் மீதி இருந்த சாமானெல்லாம் போட்டு செஞ்சிட்டான் போல இருக்குதே பாய்" என்றான் கோதண்டம்.

நம் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று கேட்டாய். அத்தா விட்டுப்போன துப்பாக்கியை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடமாக கிளப்பில் அட்டையைத்தான் சுடுகிறேன். ஊரில் எந்தக் கூட்டத்திலும் நான் எழுந்து நின்றால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள், எப்போது முடிப்பானோ என்று. குறி பார்க்க வாய் தேவையில்லை. ஒரே ஒரு தரம், வாய் தேவைப்படாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டு வருகிறேன். கோபத்தை வைத்துக்கொள்ளாதே.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
ஜகபர் அலி


786

செஞ்சி,
13 ஜனவரி 2025

மிஸ்பாவின் அத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. நீங்கள் எழுதிவைத்துப் போன பீகார் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். முழங்கால் நன்றாக இல்லை. வாசலுக்கு வராததற்குக் காரணம் முழங்கால் இல்லை, அழுமூஞ்சியோடு உங்களை வழியனுப்பக் கூடாது என்பதுதான். அது தெரியாமல் பாத்திரத்தின் மேல் பழி போடுகிறீர்கள்.

நீங்களும் கோதண்டராமன் அண்ணனும் அங்கே குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? டிவியில் பனியைக் காட்டும்போதெல்லாம் மிஸ்பா சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள், நான் பயப்படுவேனாம். இரண்டு பனியன் போடுங்கள். மூன்றாவது பனியனைத் தேடாதீர்கள், அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ரிப்பேர் கடையை மிஸ்பா காலேஜ் விட்டு வந்து மாலையில் திறக்கிறாள். சீயமங்கலத்துக்காரர் ஒருவர் ஸ்பிரேயரைக் கொண்டுவந்து, "பாய் இல்லாம வாஷர் யார் போடுவாங்க?" என்று உட்கார்ந்துவிட்டார். அவளே போட்டுக் கொடுத்தாள். ஒழுகவில்லை.

நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வயதைச் சொன்னது வாய்க்கு வந்த சாக்கு. என் பயம் வேறு. பேங்கில், ரேஷன் கடையில், கலெக்டர் ஆபீசில், டாக்டரிடம், எங்கே போனாலும் நீங்கள் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் மீதியை நான் சொல்லிவிடுவேன். துப்பாக்கியும் தாடியுமாக, முன்பின் தெரியாத ஊரில், யாராவது உங்களை நிறுத்தி "யார் நீ?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அண்ணனுக்கு வாய் இருக்கிறது, ஹிந்தி இல்லை. உங்களுக்கு ஹிந்தி இருக்கிறது. அதற்குமேல் நான் எழுத வேண்டாம்.

போனது போய்விட்டீர்கள். நல்லபடியாகச் செய்துவிட்டு வாருங்கள். பேக்கின் அடியில், லுங்கிக்குக் கீழே பக்ரீதுக்கு எடுக்கும் குர்பானிக் கத்தியை வைத்திருக்கிறேன். மாமா உயிரோடு இருந்தபோது முயல் அடித்தால் என்ன செய்வார் என்பது நினைவிருக்கிறதா? குண்டு பட்டதைத் துடிக்க விட்டுவிட்டு நிற்க மாட்டார். ஓடிப்போய் ஆண்டவன் பெயரைச் சொல்லி ஒரே இழுப்பில் அதன் வலியை முடித்துவிடுவார். கண்ணை மூடிவிடுவார். பிறகுதான் மற்ற பேச்செல்லாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாயில்லாத ஜீவன் நம் கையால் கஷ்டப்பட்டுச் சாகக் கூடாது.

உங்கள் மிஸ்டு காலுக்காக போனை இடுப்பிலேயே வைத்திருக்கும்,
ஜாஹிதா


786

பீகார், கங்கைக் கரையோரம்,
21 ஜனவரி 2025

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

ஸலாமும் என் சிரிப்பும். கடிதம் முந்தாநாள் கிடைத்தது. அதிலிருந்து சட்டைப் பையில்தான் இருக்கிறது. பனியன் திருடியை மன்னித்துவிட்டேன். நீ தைலம் போடுகிறாயா? மாடிப்படி ஏறாதே.

இந்த ஊர் தட்டை. ஒரு குன்று கிடையாது, ஒரு பாறை கிடையாது. பிறந்ததிலிருந்து நம் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தே திசை சொல்லிப் பழகிய எனக்கு, கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கடுகு, கோதுமை, மசூர் பருப்பு, துவரை என்று கண்ணுக்கு எட்டிய தூரம் பயிர். காலை பத்து மணி வரை பனி. கோதண்டம் மப்ளரை அவிழ்ப்பதே இல்லை, குளிக்கும்போது அவிழ்க்கிறானா என்று பார்க்கவில்லை. சுட்ட மாவு உருண்டையைக் கத்தரிக்காய் மசியலோடு தருகிறார்கள், லிட்டி என்று பெயர். நன்றாக இருக்கிறது.

நீல்காயைக் கண்டேன். நான்காம் நாள் காலை, துவரைக்குள் இருந்து ஒன்று தலையை நீட்டியது. படத்தில் பார்த்தது எதற்கும் உதவாது. அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமே இல்லை. கால்களில் மணிக்கட்டு மாதிரி இடத்தில் வெள்ளை வளையம். என்னைப் பார்த்தது, பிறகு நிதானமாகச் செடியைக் கடித்தது. எங்கே சாணி போட்டதோ அங்கேயேதான் தினமும் போடுமாம். அதை வைத்துத்தான் அதன் வழியைக் கண்டுபிடிக்கிறோம். இங்கே அதை கோட்பராஸ் என்கிறார்கள். நீல்காய் என்று சொன்னால் "காய்" என்ற பசு வந்துவிடுகிறதே, அதனால் பேரை மாற்றிச் சொன்னால் மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறது போலும்.

நாங்கள் தங்கியிருப்பது சுமித்ரா தேவி என்ற அம்மாவின் நிலத்துக்குப் பக்கத்தில். புருஷன் இல்லை. மூன்று பிகா, நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் மசூரில் பாதி போய்விட்டது. நேற்று ஒரு கை வெறும் காம்புகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அந்த அம்மாவும் என்னைப்போல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. சுட்டதைப் புதைத்துவிட வேண்டும், தோலைக்கூட எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஊர்த் தலைவர், முகியா என்கிறார்கள், அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. சாப்பிடாத ஒன்றின்மேல் அத்தா குறி வைத்ததே இல்லை. இதற்கு ஆண்டவன் பெயரைச் சொல்லலாமா, கூடாதா? யாரைக் கேட்பது?

நாளை எங்கள் முறை. துஆ செய்.

ஜகபர் அலி


786

செஞ்சி,
27 ஜனவரி 2025

மிஸ்பாவின் அத்தாவுக்கு,

ஸலாம். உடம்பு எப்படி என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், வழக்கத்துக்குக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் இன்றைக்கு வந்தது. நாளை எங்கள் முறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளைதான் 22ஆம் தேதி. அன்று காலை மிஸ்டு கால் வந்தது. மாலையில் வரவில்லை. 23 முழுக்க இல்லை. நான் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். 24 மதியம் போன் வந்தது. எடுத்தேன். "ஒ... ஒ..." என்றீர்கள். "ஒண்ணுமில்லன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். "ம்" என்றீர்கள். அதோடு அண்ணன் போனை வாங்கி, "இங்க டவர் இல்லம்மா, கரண்டும் இல்ல, டென்சன் ஆவாதீங்க, எல்லாம் சௌக்கியம்" என்றார். கோதண்டராமன் அண்ணன் என்னிடம் நான்கே வாக்கியங்களோடு நிறுத்தியது இந்த முப்பது வருடத்தில் இதுதான் முதல் தரம்.

சுட்டீர்களா? சுட்டதையாவது எழுதுங்கள். சாப்பிடாததற்கு ஆண்டவன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். உயிர் அவனுடையது, அதை எடுக்கும்போது அவன் பெயரைச் சொல்லாமல் யார் பெயரைச் சொல்வது? எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஜாஹிதா


786

பீகார்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

ஸலாம். நலம். குளிர் குறைந்திருக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. வேலை நடக்கிறது. சுட்டேன். ஆண் நீல்காய். புதைத்தாகிவிட்டது.

குர்பானிக் கத்தி தொலைந்துவிட்டது. வேறு வாங்கிக்கொள்ளலாம்.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஜகபர் அலி


786

செஞ்சி,
8 பிப்ரவரி 2025

மிஸ்பாவின் அத்தாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஐந்து வரியில் ஒரு கடிதம் போட்டிருக்கிறீர்கள். சவூதியில் இருந்தபோது ஒட்டகம் தும்மியதற்கே இரண்டு பக்கம் எழுதிய ஆள் நீங்கள். குதிரை உயர மிருகத்தைச் சுட்டுவிட்டு, "சுட்டேன், புதைத்தாகிவிட்டது" என்கிறீர்கள். நான் என்ன, ஒன்றும் தெரியாதவளா?

தை அமாவாசைக்கு அண்ணன் வீட்டு ஆண்டாள் மேல்மலையனூர் போயிருந்தாள். ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தாளாம். மறுநாள் இங்கே வந்து ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து, "பாய் பேருக்கும் சேத்து வேண்டிக்கினேன் அக்கா" என்றாள். எதற்கு என்றேன். "சும்மாதான், ஊரு விட்டு ஊரு போயிருக்காங்க இல்ல" என்று சேலைத் தலைப்பைத் திருகினாள். அப்போதே பிடித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

உங்கள் ஐந்து வரி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் படித்தாள். கத்தி தொலைந்துவிட்டது என்ற இடத்தில் ஓவென்று அழுதுவிட்டாள். "கத்தி எங்க தொலைஞ்சிது அக்கா, போலீசுல இருக்குது. ரெண்டு நாளு ரெண்டு பேரையும் ஸ்டேசன்ல வெச்சிருந்தாங்களாம். எங்க வீட்டுக்காரருக்கு தோள்பட்டைல அடி. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு போன்லயே சத்தியம் வாங்கினாரு" என்றாள்.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நான் யோசித்துக்கொண்டேன். கத்தியை வைத்தது நான். ஓடிப்போய் அறுங்கள் என்று எழுதியதும் நான். புருஷனுக்கு என்ன ஆகுமோ என்று அழுதவளே அவர் கழுத்துக்குச் சுருக்கு மாட்டி அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மிஸ்பா அதட்டிக் கொஞ்சம் கஞ்சி குடிக்க வைத்தாள்.

அண்ணனின் தோள் எப்படி இருக்கிறது? உங்கள்மேல் கை வைத்தார்களா? அந்த ஸ்டேஷனில் உங்களை என்ன கேட்டார்கள்? நீங்கள் எப்படிப் பதில் சொன்னீர்கள்? யார் சொன்னார்கள்? முழுதும் எழுதுங்கள். இன்னொரு ஐந்து வரிக் கடிதம் வந்தால் நானே ரயில் ஏறி வந்துவிடுவேன், முழங்கால் போனால் போகட்டும்.

ஜாஹிதா


786

பீகார்,
14 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

ஸலாம். முதலில் சாப்பிடு. பிறகு இதைப் படி. என்மேல் ஒரு அடியும் விழவில்லை. விழ வேண்டியதைக் கோதண்டம் வாங்கிக்கொண்டான். வீக்கம் வடிந்துவிட்டது, ஸ்டியரிங் பிடிக்கிறான். நேற்று பராஅத் இரவு. உனக்காக நெடுநேரம் துஆ செய்தேன்.

22ஆம் தேதி காலை, பனிக்குள் ஒரு பெரிய ஆண் நின்றது. நூற்றைம்பது கஜம் இருக்கும். "பிஸ்மில்லாஹ்" என்றேன். அந்த வார்த்தை மட்டும் எனக்குத் திக்காது, உனக்குத் தெரியும். குண்டு பட்டது. முன்னங்கால் இரண்டையும் மடித்து மண்டியிட்டது, எழுந்தது, மறுபடி விழுந்தது. சாகவில்லை. கிட்டே போகக் கூடாது என்ற சட்டமெல்லாம் மறந்தேபோனது. அத்தா பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி ஓடினேன். நீ எழுதியபடியே செய்தேன். ஒரே இழுப்பு. துடிப்பு நின்றது. கண்ணை மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

பனி விலகியிருந்தது. பக்கத்துக் கிராமத்து ஆட்கள் முப்பது பேர் வரப்பில் நின்றார்கள்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான் ஜாஹிதா. அவர்களுக்கு அதைச் சுடலாம். சுடச் சொன்னதே அவர்கள்தான். ஆனால் கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது. நாம் இரக்கம் என்று நினைத்துச் செய்கிற காரியம் அவர்கள் கண்ணுக்கு வேறாகத் தெரிகிறது. பசு என்ற பெயரைச் சுமக்கிற ஒரு மிருகம், அதன் கழுத்தில் ரத்தம், மேலே தாடிக்காரன் ஒருவன் கத்தியோடு. நான் அந்த வரப்பில் நின்றிருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கோதண்டம் நடுவில் வந்து விழுந்தான். "எங்க ஆளுடா! தொட்டீங்கன்னா பாத்துக்குங்க!" என்று தமிழில் கத்தினான். ஒரு தடி அவன் தோளில் விழுந்தது. அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. எங்களைக் காப்பாற்றத்தான் கூட்டிப் போனார்கள், பிறகு விசாரணை என்று ஆகிவிட்டது. கான் சாகிப் வந்து லைசென்ஸைக் காட்டினார், துப்பாக்கிக்கு அது போதும், கத்திக்குப் போதவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். கத்தி எதற்கு? கறி யாருக்கு? எங்கே விற்கப் போகிறாய்? எனக்கு ஹிந்தி தெரியும். பதிலும் தெரியும். "மை" என்று ஆரம்பிக்க வேண்டும். "ம... ம..." என்றேன். அதிலேயே நின்றுவிட்டேன். அவர் மேசையில் தட்டினார். பொய்யை யோசிக்கிறான் என்றார் ஒருவர். நான் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன், நீ நிற்கிற பக்கம். அங்கே சுவர்தான் இருந்தது. அந்த மாதிரி ஒரு பயத்தை நான் சவூதியிலும் பட்டதில்லை.

சட்டைப் பையைச் சோதித்தபோது உன் கடிதம் கிடைத்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார்கள். கோதண்டத்துக்கு ஹிந்தி தெரியாது, தெரிந்திருந்தாலும் என்னோடு சேர்ந்தவன் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் காலை சுமித்ரா தேவி ஒரு வயசான ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டாளத்து ரிட்டயர்டு ஹவில்தார். சென்னை பரங்கிமலையில் பதினோரு வருடம் இருந்தவர். என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, செஞ்சியா? நமக்குத் தெரியுமே!" என்றார். ஜாஹிதா, அந்த "இன்னா"வைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பஸ் போர்டும் சினிமா போஸ்டரும் பார்த்துத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். "து... துடி... துடிக்க..." என்று. ஒரு வரிக்கு ஒரு நிமிஷம். பிறகு அதை ஹிந்தியில் சொல்வார். இன்ஸ்பெக்டர், ரைட்டர், வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள், எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பனியன் வரியையும் வாசித்துவிட்டார், மன்னித்துக்கொள். அங்கே மட்டும் இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். வாயில்லாத ஜீவன் நம் கையால் கஷ்டப்பட்டுச் சாகக் கூடாது என்ற வரி வந்தபோது, ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு ஹவில்தார் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப நீ சொல்லு நைனா. மெதுவா சொல்லு. நமக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். நான் சொன்னேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மாலையே விட்டுவிட்டார்கள், கத்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நான் அந்த ஐந்து வரிக் கடிதத்தில் மறைத்தது போலீஸை இல்லை. இதைத்தான். நான் திக்கியபோது யாரும் என் வார்த்தையை எடுத்து முடிக்கவில்லை. நானே முடித்தேன். ஒவ்வொரு வாக்கியமாக. என் வாக்கியத்தின் கடைசி வார்த்தையை என் வாயிலிருந்து நான் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது, தெரியுமா? உன்னைக் குறை சொல்லவில்லை. நீ இல்லாவிட்டால் இந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு ரேஷன் கார்டுகூட வாங்கியிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் உனக்கு வலிக்கும் என்றுதான் பயந்தேன்.

அதற்குப் பிறகு நான் துப்பாக்கியைத் தொடவில்லை. மற்றவர்கள் சுடுகிறார்கள். சுமித்ரா தேவியின் ஸ்பிரேயர் ரிப்பேர் என்றார்கள், சரிசெய்து கொடுத்தேன். இப்போது தினமும் வாசலில் பத்துப் பேர் ஸ்பிரேயரோடு நிற்கிறார்கள். வரப்பில் நின்றவர்களில் இரண்டு பேர்கூடக் கொண்டுவந்தார்கள். 23ஆம் தேதி கிளம்புகிறோம்.

ஒரு வேண்டுதல். 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து போன் செய்வேன். மிஸ்டு கால் இல்லை, முழு கால். எவ்வளவு நேரம் ஆனாலும் நீ நடுவில் வராதே.

ஜகபர் அலி


786

செஞ்சி,
21 பிப்ரவரி 2025, வெள்ளி மாலை

மிஸ்பாவின் அத்தாவுக்கு,

ஸலாம். இதை கான் சாகிபின் ஹைதராபாத் விலாசத்துக்கு அனுப்புகிறேன், வழியில் வாங்கிக்கொள்வீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டுவிட்டேன். பனியன் விஷயம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் முழுக்கத் தெரிந்துவிட்டதால் இனி பீகார் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது போலீஸும் தடியும்தான் தெரிந்தன. இரண்டாம் தடவைதான் கடைசிப் பக்கம் புரிந்தது. வலித்தது. அதை மறைக்க மாட்டேன். உங்களுக்காக நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

அது எப்படி ஆரம்பித்தது என்பதை உங்களிடம் சொன்னதே இல்லை. நம் நிக்காஹ் அன்று ஹஜ்ரத் உங்களிடம் சம்மதம் கேட்டார். "கபூல்" என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். "க... க..." என்று நின்றீர்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் தாய்மாமன், "மாப்ள ஒத்துக்கிட்டாரு ஹஜ்ரத், மேல படிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அங்கேயே முடிவு பண்ணினேன், இனி யாரும் இவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நான் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று. சிரிப்பவர்களை முந்தப் பார்த்தேன். உங்களையும் சேர்த்து முந்திவிட்டேன் போலிருக்கிறது.

இன்று இரண்டே முக்காலுக்கு போன் வந்தது. மிஸ்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். "ஜா..." என்று ஆரம்பித்தீர்கள். என் பெயரிலேயே நெடுநேரம் நின்றீர்கள். பிறகு பெயர் முழுதாக வந்தது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். அடுத்த வார்த்தை என்ன என்று எனக்குத் தெரியும். தினமும் மத்தியானம் கடையிலிருந்து வந்ததும் நீங்கள் கேட்பதுதானே, "ஜாஹிதா, சாப்டியா?" என்று. "சாப்டேங்க" என்று பதில்கூட நாக்கில் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கரண்டு போய் ஃபேன் நின்றது. காந்தி பஜார் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போனது. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் விடவில்லை.

கடைசியில் சொன்னீர்கள். "எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு" என்று.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

முப்பத்தொரு வருடமாக நீங்கள் "ஜா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் "சாப்டேங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். அதில் எத்தனை தடவை நீங்கள் வேறு எதையோ சொல்ல வந்து, சரி போகட்டும் என்று விட்டீர்களோ. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நோன்பு ஆரம்பிப்பதற்குள் வந்துவிடுங்கள். ராத்திரி பயணம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். வந்து குளித்துவிட்டு உட்காருங்கள். எந்த வருடத்திலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள்.

கேட்பதற்காகக் காத்திருக்கும்,
ஜாஹிதா பேகம்